பதினைந்து கிலோமீற்றருக்கு ஒரு கேபிள்

1

படம் வந்தபோது நான் டிப்போவில் நின்றேன். சாமான் ஏற்றுகிற வானின் மூக்கில் சார்ஜ் கேபிளைச் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரம். வீடு வீடாக அரிசியும் பாலும் நாய்ச் சாப்பாடும் கொண்டுபோய் இறக்குகிற மின்சார வான். அதை ஓட்டுவது என் வேலை. காலையில் கழற்று, மத்தியானம் செருகு, பின்னேரம் செருகிவிட்டுப் போ. மூன்று வருடத்தில் கைக்குப் பழகிவிட்டது, மாட்டை இடம் மாற்றிக் கட்டுகிறவனுக்குக் கயிறு பழகுவதுபோல.

படத்தில் ஒரு பிளக். மூன்று கால்களில் ஒன்று கறுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்ரிக், அப்பத்தின் கருகிய கரைபோலச் சுருண்டிருந்தது. கீழே தங்கையின் குரல்.

"அண்ணா, காரின்ர சார்ஜர் வயர் எரிஞ்சு போச்சு. வீடு எரியேல்லை. அதை முதல் சொல்லிப்போட்டன். புதுசு ஒண்டு பாத்து அனுப்பிவிடுங்கோ. வியாழக்கிழமை இவருக்கு ஆஸ்பத்திரி."

அன்று செவ்வாய்.

எரியேல்லை என்பதை முதலில் சொல்கிறவள் என்னை அறிந்தவள். ஆனால் அந்தக் குரலில் ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது. அதையும் நான் அறிவேன்.

2

தங்கையின் பெயர் சாந்தி. வவுனியாவில், நெளுக்குளத்தில் இருக்கிறாள். அவள் கணவன் யோகன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி, பிறகு மச்சான். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தி ஐந்து வருடமாகப் போகிறது. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் மெசினோடு படுத்திருப்பான். இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், கழுவுப்பட்டு, மற்றக் குழாயால் திரும்பி வரும். அதற்காக இடது முழங்கைக்குள் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கையை வைத்தால் தோலுக்குக் கீழே ஒரு இரைச்சல் ஓடுவது தெரியும், தேன்கூட்டில் காதை வைத்ததுபோல. இரைச்சல் நின்றால் கை போய்விட்டது என்று அர்த்தம். சாந்தி ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி போட முதல் அதில் கை வைத்துப் பார்ப்பாள்.

பெற்றோல் வரிசைக் காலத்தில் ஒரு வியாழன் தவறியது. ஓட்டோக்காரன் இரண்டு நாளாக வரிசையில் நின்றான். வெள்ளி விடிய யோகனால் படுக்க முடியவில்லை, நெஞ்சுக்குள் தண்ணீர். கதிரையில் குந்தியபடி மூச்சை இழுத்து இழுத்து, கடைசியில் யாரோ மரக்கறி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் இங்கே வானுக்குள் இருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் சிவப்பு விளக்கு. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

அதன் பிறகுதான் நான் காசு அனுப்பி வாங்கிய கார். ஜப்பானிலிருந்து வந்து கொழும்பில் ஆரோ ஓடி அலுத்த, பழைய, சின்ன மின்சாரக் கார். பெற்றோல் வேண்டாம், வரிசை வேண்டாம். நாற்பத்தாறு வயதில் சாந்தி ஓடப் பழகினாள். மெசினால் இறங்கி வருகிற யோகன் பழைய துணிபோலத் துவண்டுபோவான்; பின்சீற்றில் நீட்டிப் படுக்க வைத்துக்கொண்டு வருவாள். ஓட்டோ என்றால் நெளுக்குளத்து உள்றோட்டுப் பள்ளம் கிடங்குகளில் குலுங்கிக் குலுங்கி வயிறு புரண்டு சத்தி எடுப்பான்.

அந்தக் கார்தான் இப்போது முற்றத்தில் நிற்கிறது. அதற்குச் சாப்பாடு போகிற வழி கருகிவிட்டது.

3

"மச்சான், ஏன் எரிஞ்சது?" என்று யோகனைத் தொலைபேசியில் கேட்டேன்.

"பழசு தானே மச்சான்."

"யோகன், உண்மையைச் சொல்லு."

கிட்டக் கத்திய கோழிகளைத் துரத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

ஜப்பான்காரன் காரோடு கொடுத்த கேபிளின் பிளக் எங்கள் சுவருக்குப் பொருந்தாது. ஆகவே கார் வந்த முதல் நாளே யோகன் அதை வெட்டி எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய பதின்மூன்று அம்பியர் பிளக்கைப் பூட்டியிருந்தான். கேபிளோ பதினைந்து அம்பியர் இழுக்கிறது. பிளக்குக்குள் இருக்கிற சின்னப் பியூஸ் அடிக்கடி போயிருக்கிறது. போகப் போக மாற்றியிருக்கிறான். போன மாதம் கடைசிப் பியூசும் போனது. கடைக்குப் போகக் காலில் பலமில்லை.

"அப்ப?"

"தேயிலைப் பக்கற் வெள்ளித்தாள் இருந்தது. சுருட்டிப் பியூசின்ர இடத்தில வைச்சனான். நல்லா வேலை செய்தது மச்சான், ஒரு மாசம்!"

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏனென்றால் அந்த வெள்ளித்தாளை நானும் சுருட்டி வைத்திருப்பேன்.

4

புளியங்குளம் சந்தியில் யோகன் மோட்டார்சைக்கிள் திருத்துகிற தகரக் கொட்டகை இருந்த யுத்த காலத்தில், தடைக்குள் கிடந்த வன்னிக்குப் பெற்றோல் வராது, பற்றறி வராது, கரண்ட் அறவே இல்லை. யோகன் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தான். ஊசி மருந்து ஏற்றுகிற சிறிஞ்சியில் நாலு துளி பெற்றோல். அதை உள்ளே விட்டு உதைத்தால் எஞ்சின் விழிக்கும். விழித்ததும் மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழகிவிடும். நீலப் புகை. கண் எரியும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். செய்தி வாசிக்கிறவரின் குரல் எங்கள் கை களைக்கக் களைக்கத் தாழ்ந்துபோகும்.

இல்லை என்ற சொல்லுக்குப் பக்கத்தால் ஒரு வழி இருக்கும் என்று படித்தவர்கள் நாங்கள். தடை என்றால் சுற்றிப் போ. அடைப்பு என்றால் குத்தி எடு. அந்தப் படிப்பு எங்களை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் பியூஸ் என்பது ஓர் அடைப்பு அல்ல. அது காவல். இருபது வருடம் சுவரில் கரண்டையே காணாமல் வளர்ந்தவனுக்கு அதை யார் சொன்னார்கள்? யோகனுக்கு எஞ்சினில் தெரியாதது ஒன்றுமில்லை. கரண்ட் வந்தபோது அதையும் மண்ணெண்ணெய் என்றே நினைத்துவிட்டான்.

நான் தப்பி வந்து இருபத்தாறு வருடம். இங்கே புகை கண்டால் கத்துகிற பெட்டி கூரையில் இருக்கிறது. தோசை சுட்டாலும் கத்தும். வந்த புதிதில் அதன் பற்றறியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தவன் நான்தான். வீட்டை வாடகைக்குத் தந்த மனுசி கண்டுபிடித்து, கையால் நெருப்புப்போலக் காட்டி, பிள்ளைக்குச் சொல்வதுபோல விளங்கப்படுத்தினா. "யெஸ், யெஸ்" என்றேன். அவ போனதும் திரும்பவும் கழற்றினேன்.

5

கேபிள் தேர்வதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. தினமும் செருகுகிறவனுக்கு என்ன ஐயம்?

செவ்வாய் பின்னேரம் தொலைபேசியில் தேடினேன். ஒன்று பத்து அம்பியர், மூன்று கால் பிளக். மெலிந்து, ஈரத்துணி காயப்போடுகிற கயிறுபோல இருந்தது. ஒன்று, பொத்தானை அமத்தி ஆறு, எட்டு, பத்து என்று கூட்டிக் குறைக்கிறது. மற்றது பதினாறு அம்பியர். பெருவிரல் மொத்தத்தில் தடித்தது, நீல நிறத்தில் உருண்டைப் பிளக், விளம்பரத்தில் இரண்டு மடங்கு வேகம் என்று போட்டிருந்தது. காரில் கேபிள் செருகுகிற வாய் ஐந்து துளையா என்று மட்டும் சாந்தியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஐந்துதான். பதினாறை அமத்தினேன்.

உண்மையை எழுதவேண்டும் என்றால், மெலிந்ததை அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து போகிற சாமான் மொத்தமாக இருக்கவேண்டும். சொக்கலேற் என்றால் பெரிய பெட்டி, சப்பாத்து என்றால் பெரிய சப்பாத்து. காலுக்கு அளவா என்று பிறகு பார்க்கலாம்.

புதன் காலை பெட்டி வந்தது. ஞாயிறு கொழும்புக்குப் பறக்கிற செல்வா அண்ணை பக்கத்துத் தெருவில் இருக்கிறார். எங்களூர்ச் சாமான்களில் பாதி அவருடைய சூட்கேசுக்குள்ளால்தான் போகும். தூக்கிப் பார்த்துவிட்டு அண்ணை சொன்னார்:

"இது கேபிளோ, கப்பல் கட்டிற கயிறோ?"

"நல்ல சாமான் அண்ணை."

"நல்ல சாமான் எண்டபடியால்தான் பாரம். உன்ர தங்கச்சிக்கு இது, என்ர மாமிக்கு ஒண்டுமில்லை. மாமி கேட்டா உன்ர பேரைச் சொல்லுவன்."

6

அதே புதன், வேலைக்கு இறங்க முதல், வீடியோவில் அழைத்தேன். கேபிள் கிடைத்தது என்று சொல்ல. அங்கே மத்தியான வெயில். சாந்தி தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் கார். காரிலிருந்து ஒரு வயர் யன்னலுக்குள்ளால் வீட்டுக்குள் போவதைக் கண்டேன்.

"அது என்ன?"

"இவர் வேற பிளக் போட்டுத் தந்தவர். நாளைக்குப் போகவேணும் எல்லே அண்ணா. நீங்கள் அனுப்பிறது வருமட்டும்."

"பிளக்கைக் காட்டு."

உள்ளே போனாள். சுவரில் பிளக் செருகியிருந்த பொயின்ற். ஓரம் மஞ்சளித்து, மஞ்சள் மண்ணிறமாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கவே அதன் மேல் விளிம்பிலிருந்து ஒரு நூல் புகை எழும்பியது. நூல்தான். நீலம்.

"மெயினை நிப்பாட்டு! சாந்தி, பிளக்கைத் தொடாதை, மெயினை!"

தொலைபேசி விழுந்தது. எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது. ஓடுகிற கால். யோகனின் குரல் எங்கோ, "என்ன, என்ன?" பிறகு டக் என்ற சத்தம். மின்விசிறி மெல்ல மெல்ல நிற்பதைக் கூரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இதழ்களும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. என் இரண்டு கைகளும் குசினி மேசையைப் பிடித்திருந்தன, மேசை ஓடிவிடும் என்பதுபோல.

"நிப்பாட்டீட்டன்" என்றாள். பிறகு அழுதாள். பிறகு கணவனைப் பேசினாள். "உங்களை மெசினில போட்டு நாலு மணித்தியாலம் காவல் இருக்கிறன், வீட்டை வந்து என்னைக் கொளுத்தப் பாக்கிறியளோ?"

யோகன் வயரை இழுத்துச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

வியாழன் ஓட்டோவில் போனார்கள். வரும்போது இரண்டு இடத்தில் நிறுத்திச் சத்தி எடுத்தானாம்.

7

என் மகள் அபி வேறு நகரத்தில் இருக்கிறாள். காப்புறுதிக் கம்பனியில் வேலை. எரிந்த வீடுகளின் படங்களைப் பார்த்து, எங்கே தொடங்கியது என்று அறிக்கை எழுதுகிறாள். ஞாயிறில் அழைப்பாள். பத்து நிமிடம். நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். இடையில் ஒரு ஆறு ஓடுகிறது, இரண்டு பேரும் இரண்டு கரையிலிருந்து கை காட்டுகிறோம். போன வருடம் பத்து நிமிடம் ஏழாகியது.

அவளுக்கு அந்தப் பிளக்கின் படத்தை அனுப்பியிருந்தேன், பெருமையாக, நான் வாங்கிய கேபிளின் படத்தோடு. வெள்ளிக்கிழமை அழைத்தாள். வெள்ளிக்கிழமை! ஆருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் எடுத்தேன்.

"அப்பா, சாந்தி மாமி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுவா?"

எனக்குத் தெரியவில்லை.

"வீட்டு வயர் என்ன மொத்தம்?"

தெரியவில்லை.

"பின்ன எப்படி அப்பா வாங்கினீங்கள்?" அதைத் தமிழிலேயே கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம்.

அபியும் நானும் சாந்தியுமாக அழைப்பில் சேர்ந்தோம். அங்கே நல்லவேளையாக நிஸார் நானா வந்து நின்றார். வவுனியா ரவுணில் மின்சாமான் கடை வைத்திருக்கிறவர். ஊர் வன்னிக்குள், தண்ணீரூற்று. சாந்தி கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். சுவர்ப் பொயின்றைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"தம்பி, இதுக்கு வாற வயர் மெல்லிசு. பல்ப்புக்கும் ஃபானுக்கும் போட்டது. ஏர்த் வயர் இருக்கு, ஆனா ஒண்டோடயும் தொடுக்கேல்லை. சும்மா சுருட்டி உள்ளுக்கு வைச்சிருக்கு. நீங்கள் அனுப்பிறது எத்தனை அம்பியர்?"

"பதினாறு நானா. நல்ல சாமான்."

"நல்ல சாமான்தான். இந்தச் சுவருக்கு இல்லை. அதுக்கு நீல உருண்டைப் பிளக் எல்லே? அது இங்க ஒண்டுக்கும் கொழுவாது. கொழுவாட்டி யோகன் என்ன செய்வார் எண்டு நினைக்கிறீங்கள்?"

சாந்தி சொன்னாள்: "வெட்டுவார்."

கதிரையில் இருந்த யோகன் முதலில் முகத்தைத் திருப்பினான். பிறகு அவனே சிரித்துவிட்டான். "கத்தியும் தீட்டி வைச்சனான் நானா."

"உங்களில பிழை இல்லை" என்றார் நிஸார் நானா, திருகாணியை வாயில் கவ்வியபடி. "நாங்கள் புத்தளத்தில கரண்ட் படிச்சம். நீங்கள் இங்க மண்ணெண்ணெய் படிச்சீங்கள்."

அவர் சிரிக்கவில்லை. அவர்கள், தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள், ஏன் புத்தளத்துக்குப் போனார்கள், எத்தனை மணித்தியால அவகாசத்தில், கையில் எதைக் கொண்டு போனார்கள் என்பது அந்த அழைப்பில் அபியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். யோகன் நிலத்தைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். அவர் திருகாணியை எடுத்துப் பூட்டத் தொடங்கினார்.

"மாமி," என்றாள் அபி. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு... போய் வாறது... எவ்வளவு கிலோமீற்றர்?"

"ஒரு பதினைஞ்சு வரும் பிள்ளை."

"வேற எங்கையும் போறேல்லையா?"

"நான் எங்க போக? சந்தைக்கு எண்டா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில தானே."

அபி கணக்குப் பார்த்தாள். எட்டு அம்பியர், இரண்டு மூன்று மணித்தியாலம். பதினைந்து கிலோமீற்றர் வந்துவிடும். திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில் எவ்வளவு பகல் கிடக்கிறது!

"எட்டோ?" யோகனுக்கு ரோசம் வந்துவிட்டது. "அது காருக்குச் சேலைன் ஏத்திற மாதிரி எல்லே!"

"ஓம், உங்களுக்கும் நாலு மணித்தியாலம் எடுக்குது தானே" என்றாள் சாந்தி. "கார் என்ன, உங்களை விடப் பெரிய ஆளோ?"

அபி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுக்கத் தமிழில் இருந்தது.

இரண்டு வருடம். கார் வாங்கினேன், காருக்குப் பெயர் மாற்றக் காசு அனுப்பினேன், காரின் முன் கண்ணாடியில் ஒட்டப் பிள்ளையார் அனுப்பினேன். எவ்வளவு தூரம் போகிறாய் என்று தங்கையிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

8

செல்வா அண்ணை சூட்கேசைப் பூட்டியிருந்தார். திறக்கச் சொன்னேன்.

"அடேய், மேல ஏறி இருந்து பூட்டினது! என்ன, தங்கச்சிக்கு வேண்டாமாமோ?"

"கூடிப் போச்சு அண்ணை."

"எங்கட ஆக்களில கூடிப் போச்சு எண்டு திருப்பிக் கேட்ட முதல் ஆள் நீதான். இரு, மனுசியைக் கூப்பிடுறன், பாக்கட்டும்."

திருப்பி அனுப்பப் படிவம் நிரப்பவேண்டும். காரணம் என்று ஒரு பட்டியல்: பழுதா, உடைந்ததா, படத்தில் உள்ளதுபோல் இல்லையா, மனம் மாறினீர்களா. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கியவனின் கண் பழுது என்று ஒரு கட்டம் இல்லை. மனம் மாறினேன் என்பதில் புள்ளடி போட்டேன்.

சனிக்கிழமை, பொத்தானை அமத்திக் குறைக்கிற கேபிள் வந்தது. மூன்று கால், வார்த்து ஒட்டிய பிளக். வெட்டினால் ஒழியத் திறக்க முடியாது. தூக்கிப் பார்த்த அண்ணை, "இதுக்குப் பக்கத்தில மாமிக்கு ஒரு சுவெற்றரும் வைக்கலாம்" என்றார்.

அதே சனி, அங்கே நிஸார் நானா மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்தார், மொத்தமானது, அதற்கென்று தனி ட்ரிப் சுவிட்ச். கிணற்றடியில், வாழைக்குத் தண்ணீர் போகிற ஈரநிலத்தில், ஏர்த்துக்கென்று செப்புக் கம்பியை ஆள் உயரத்துக்கு அடித்து இறக்கினார். யோகன் கதிரையைக் கிணற்றடிக்கு எடுப்பித்து, ஒவ்வொரு அடிக்கும் கணக்குச் சொன்னானாம். "இன்னும் ஒரு சாண் நானா. கஞ்சத்தனம் பாக்காதீங்கோ."

திங்கள் மறுபடி ஓட்டோ. அந்த நாலு மணித்தியாலமும் என் வான் எந்தத் தெருவில் நின்றது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒரு வீட்டுப் பாலை இன்னொரு வீட்டில் இறக்கியிருந்தேன்.

9

புதன் காலை. டிப்போவில் நிற்கிறேன். வானிலிருந்து கேபிளை இன்னும் கழற்றவில்லை. சாந்தி அழைத்தாள். அங்கே வெயில் சரிந்துகொண்டிருந்தது.

புதிய கேபிள் அவள் கையில். தொலைபேசியை யன்னல் கட்டில் சாய்த்து வைத்தாள். பொத்தானை அமத்தி எட்டு என்று காட்டினாள். செருகினாள். சிவப்பு ஒருமுறை மினுங்கியது. கேபிள் தன் பாட்டில் சுவரைச் சோதித்துப் பார்க்கிறது என்று அபி சொல்லியிருந்தாள், அப்படியும் மெயினை நிப்பாட்டச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு பச்சை.

கதிரையில் யோகன். சுவரோடு சாந்தி. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நான், ஒரு பிளக்கைப் பார்த்தபடி. மேலதிகாரி வந்து, வான் ஏன் இன்னும் நிற்கிறது என்று கையால் கேட்டார். ஐந்து விரலைக் காட்டினேன்.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் நிஸார் நானா. சாந்தி அவ்வளவு பொறுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோல, பிளக்கின் மேல் மெதுவாக வைத்தாள். எடுக்கவில்லை. நான் அவளுடைய முகத்தையே பார்த்தேன்.

"சுடேல்லை, அண்ணா."

"இன்னும் கொஞ்சம் வைச்சுப் பார்."

"சுடேல்லை. குளிர்ந்துபோய்க் கிடக்கு."

"நான்தான் சொன்னனே" என்றான் யோகன், ஒன்றும் சொல்லாதவன்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கிட்டப் போனாள். பிளக்கில் வைத்திருந்த அதே கையை அவனுடைய இடது முழங்கைக்குள் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"இரையுது" என்றாள். "நாளைக்குக் காரில போறம்."